சுவரில் மாட்டிய ஆள்

குஞ்சம்மா தன் மரண அறிவித்தலை முதன்முதலில் பார்த்தபோது சிரித்தார் என்றுதான் எனக்கு நினைவு. நாகமுத்து அப்படி இல்லை என்கிறான். அழுதார், முந்தானையால் கணினித் திரையைத் துடைக்க வந்தார், நீதான் கையைப் பிடித்துத் தடுத்தாய் என்கிறான். துடைக்க வந்த கை எனக்கும் நினைவிருக்கிறது. அது அழுகையோடு வந்ததா சிரிப்போடு வந்ததா என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த அறையில் நடந்ததைப் பலமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கும். மாறாமல் இருப்பது சுவர் மட்டும்தான்.

மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற இடத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. நிர்மலாதேவி அக்கா நடத்தும் விளம்பர நிறுவனம். நான் வடிவமைப்பேன், வாசகமும் எழுதுவேன். நாகமுத்து படம் எடுப்பான், பதாகை கட்டுவான், மற்ற எல்லாவற்றுக்கும் ஓடுவான். அக்கா கே.எல். என்கிற கோலாலம்பூரில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு மலாக்காவுக்குத் திரும்பியவர். அங்கிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். எந்த விளம்பரத்தைத் தொடங்கும் முன்பும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கற்பனை ஆள் கூடாது. பெயரும் வீடும் உள்ள உண்மையான ஒருவர். அவர் படத்தைப் பெரிதாக அச்சிட்டு என் மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிடுவார். வேலை முடியும்வரை நான் அந்த முகத்தோடு மட்டும்தான் பேச வேண்டும்.

“எல்லாரையும் கூப்பிட்டா ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க, அகல்யா. ஒருத்தரப் பாத்துப் பேசு. மத்தவங்க தன்னால காது குடுப்பாங்க.”

பள்ளிப் பை விற்கும் கடைக்காக வேலை செய்தபோது தங்கா பத்து ஊரிலிருந்து ஒரு தாயின் முகம் சுவருக்கு வந்தது. பையைச் சுமக்கப்போகும் பிள்ளையை அக்கா மாட்டவில்லை. சுமப்பது பிள்ளை, வாங்குவது தாய் என்று அன்று சொன்னார். பிறகு ஏன் அதை மறந்தார் என்று எனக்குத் தெரியாது. சாவு என்றதும் எங்கள் எல்லோருக்குமே புத்தி சற்று மங்கிவிட்டது போலும்.

கணேஸ்வரன் அண்ணன் புக்கிட் ரம்பாயில் இறுதிச் சடங்குச் சேவை நடத்துபவர். பெட்டி, வேன், கூடாரம், பூ, சடங்கு செய்யும் பண்டாரம், பதினாறாம் நாள் சாப்பாடு வரை அவரிடம் உண்டு. இவற்றை ஒருவர் உயிரோடு இருக்கும்போதே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதற்கு விளம்பரம் வேண்டும் என்று அவரே ஒன்றைச் செய்து எடுத்து வந்தார். மேலே பிள்ளையார், கீழே வேன், நடுவில் ‘அனைத்து இந்தியப் பெருமக்களுக்கும்’ என்ற வரி.

அக்கா அதை ஒரு முறை பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இதை வாங்கப்போவது யார் என்று கேட்டார்.

“சாகப்போறவங்கதான் லா. வேற யாரு?”

“எந்தச் சாகப்போறவங்க, அண்ணே? ஒரு பேரு சொல்லுங்க.”

கணேஸ்வரன் வெகுநேரம் யோசிக்கவில்லை. தன் வீடிருக்கும் தாமான் குடியிருப்பில் ஓர் அம்மா இருப்பதாகச் சொன்னார். எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவாராம். “ஒத்திகை பாக்கிற மாதிரி வந்து ஒக்காந்துக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முகவரி கேட்டார்.

அந்த அம்மாதான் குஞ்சம்மா. ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்தில் கித்தா மரம் சீவியவர். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய பிறகு புக்கிட் ரம்பாய்த் தொழிற்சாலை ஒன்றில் தரை கூட்டிவந்தார். கணவர் ரங்கசாமி இறந்துவிட்டார். ஒரே மகன் தினேஸ்வரன் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் தாய் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது காரணத்தைக் குஞ்சம்மாவே சொன்னார். கல்யாண மண்டபத்தில், பெண் வீட்டார் காதுபட, மருமகளைக் காட்டி, “இந்தக் கருப்புக்கா இத்தன பூ” என்று சொல்லிவிட்டாராம். சொன்னதற்கு வருத்தப்படுகிறவராகத் தெரியவில்லை. “சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன். நான் மட்டும் என்ன செவப்பா?” என்றார். அவர் நல்ல கருப்பு.

அக்கா தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். பேச்சு எதுவும் இல்லாமல் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இடைவெளி நினைவிருக்கிறது. எனக்கு அப்படிப்பட்ட இடைவெளிகள் பிடிக்கும். அக்காவுக்கு அவை வேலைக் கருவி. எதிரில் இருப்பவர் பேசும்வரை விட்டுவைப்பார். பிறகு மெல்ல, செத்துப்போவதில் உங்களுக்கு எதை நினைத்தால் பயம் என்று கேட்டார்.

“பெட்டி நல்லதா கெட்டதான்னு எனக்கு என்ன தெரியப்போவுது? இப்ப கொள்ளி எல்லாம் இல்லயே. பட்டன்தானே அமுக்குறாங்க. அந்தப் பட்டன அமுக்குறது யாரு? அத மட்டும் சொல்லுங்க.”

உடன் வந்திருந்த கணேஸ்வரன், யாரும் இல்லாவிட்டால் சுடலையில் உலையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களே அமுக்கிவிடுவார்கள், அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். குஞ்சம்மா அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை. காடியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அக்கா, “கெடச்சிருச்சு” என்றார்.

குஞ்சம்மாவின் முகம் சுவரேறியது. அதைப் பார்த்துக்கொண்டே ‘உங்களுக்காக யார் வருவார்கள்?’ என்ற வரியை எழுதினேன். அக்காவுக்குப் பிடித்திருந்தது. திட்டத்தோடு சேர்த்து விற்பதற்காக, கைப்பேசியில் புலனம் வழியாக அனுப்பும் மரண அறிவித்தல் ஒன்றையும் மாதிரிக்காக வடிவமைக்கச் சொன்னார். மாதிரிக்குக் குஞ்சம்மாவின் படத்தையே வைக்கலாமா என்று கேட்டபோது அவர் தயங்கவே இல்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நாகமுத்துவின் முன் நின்றார். படம் எடுத்து முடிந்ததும் என்னிடம் வந்து குனிந்து ரகசியம்போலச் சொன்னார்.

“பாப்பா, கொஞ்சம் வெளுப்பாக்கிடு. இதுலயாச்சும் நல்லா இருந்துட்டுப் போறேன்.”

வெளுப்பாக்கினேன். இரண்டு பக்கமும் விளக்கு, கீழே பிறப்பும் இறப்பும், ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’, ஓரத்தில் சிறிதாக ‘மாதிரி’ என்ற சொல். அதைப் பார்க்கத்தான் அவர் அலுவலகத்துக்கு வந்தார். அப்போதுதான் சிரித்தார், அல்லது அழுதார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கீழே பட்டறையில் யாரோ ஓர் எஞ்சினை முடுக்கி முடுக்கி அணைத்தார்கள்.

“இத என் மவனுக்கு அனுப்புங்க” என்றார்.

எங்களுக்கு உடனே புரியவில்லை. மாதிரியைப் பார்த்து மகன் மகிழ்வான் என்று நினைக்கிறார் என எண்ணினேன். அவர் விளக்கினார். தான் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை. நோய் என்று உறவினர் மூலம் சொல்லி அனுப்பியதற்கும் வரவில்லை. சாவுக்கு வராமல் இருக்க முடியாது. அந்த ‘மாதிரி’யை எடுத்துவிட்டு, நாளை மதியம் எடுப்பு என்று போட்டு, அவனுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். வேறு யாருக்கும் போகக் கூடாது.

நாகமுத்துதான் முதலில் பேசினான். “வேணாம் அக்கா. உயிரோட இருக்கறவங்களுக்கு இப்படிச் செய்யக் கூடாது.”

“நாமளா செய்றோம்? அவங்க கேக்குறாங்க” என்றார் அக்கா. குஞ்சம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வருவாரா மாட்டாரான்னு நமக்கும் தெரிஞ்சா நல்லதுதான்.”

அப்போது என் மனத்தில் ஓடியது ஒன்றுதான். அந்த அலுவலகத்திலிருந்து போன விளம்பரங்களிலேயே இவ்வளவு சரியாக ஓர் ஆளைக் குறிவைத்தது வேறு இல்லை. பார்க்கப்போகிறவன் ஒரே ஒருவன். அவனுடைய பயம், பாசம், வெறுப்பு எல்லாம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசகம் சொன்னார். ‘அன்னார்’ என்பதை எடுத்துவிட்டு ‘உன் அம்மா’ என்று போடச் சொன்னார். பிறகு, வேண்டாம், அது நான் எழுதியதுபோல இருக்கிறது என்று தானே மாற்றினார். அறிவித்தல் அலுவலக எண்ணிலிருந்து போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு குறிகளும் நீலமாயின; பார்த்துவிட்டான். பதில் இல்லை.

மறுநாள் நானும் நாகமுத்துவும் அவர் வீட்டுக்குப் போனோம். மகன் வந்தால் என்ன செய்கிறான், முதலில் என்ன கேட்கிறான் என்று கவனித்து வரச் சொல்லி அக்கா அலுவலகக் கைப்பேசியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். வாசல் இரும்புக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே நெத்திலி சம்பல் வாசம்.

“அத்த, சாவு வீட்டுல அடுப்பு எரியக் கூடாது” என்றான் நாகமுத்து.

“அடப் போடா. அவ்வளவு தூரம் காடி ஓட்டிட்டு வர்றவன் பசியோடயா போவான்?”

அவர் அதே பட்டுச்சேலையில் இருந்தார். அவன் வந்ததும் தான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்கப்போவதாகச் சொன்னார். அவன் கூடத்துக்கு வந்து பெட்டி எங்கே என்று தேடுவான். அழுவான். ஒரு முறை “அம்மா” என்று சொல்லட்டும், உடனே வெளியே வந்துவிடுவேன் என்றார். கோபத்தில் அடிக்க வந்தால் என்று கேட்டேன். “அடிச்சா அடிக்கட்டும். அடிக்கவாச்சும் பக்கத்துல வரணும்ல?” கதவுக்குப் பின்னால் போய் நின்று பார்த்துக்கொண்டார். சேலை வெளியே தெரிகிறதா என்று எங்களைக் கேட்டார்.

தெருவில் ஒவ்வொரு காடி திரும்பும்போதும் அவர் அடுப்படிக்குள் போனார். காடி கடந்து போனதும் திரும்பி வந்தார். மதியம் போனது. சோற்றை எங்களுக்குப் போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, என்ன இன்னிக்குப் பட்டுச்சேலை, கோயிலுக்கா என்று கேட்டுவிட்டுப் போனாள். நாகமுத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நான் சுவரில் ரங்கசாமியின் படத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். செய்தி கிடைத்தது, விடுப்பு கிடைக்காது, நீங்களே எல்லாவற்றையும் செய்துவிட முடியுமா, சாம்பலையும் நீங்களே கடலில் கரைத்துவிடுங்கள், இணையத்திலேயே கட்டணம் செலுத்தலாமா. கடைசி வரியில், இனிமேல் படம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று இருந்தது.

“அவன்தானே? என்ன சொல்றான்?”

நாகமுத்து என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். “லீவு கெடைக்கலயாம், அத்த.”

“அழுதானா?”

“எழுத்துல எப்படித் தெரியும்?”

குஞ்சம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருந்த சிறிய படத்தைத் தொட்டார். அது பெரிதானது. தினேஸ்வரன் ஒரு பெண் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். குழந்தை பிறந்தது அவருக்குத் தெரியாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என் மூக்கு” என்றார். பிறகு, “என் நெறமும்.”

அதற்குப் பிறகு எழுந்து போய்ப் பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு வந்து எங்களுக்குச் சோறு போட்டார். நெத்திலி ஆறிக் கடினமாகியிருந்தது.

அடுத்த நாள் காலை அக்கா ஒலிபெருக்கியைப் போட்டுத் தினேஸ்வரனைக் கூப்பிட்டார். வடிவமைப்பு மாதிரி ஒன்று தவறுதலாக அவருக்கு வந்துவிட்டதாகவும், அம்மா நலமாக இருப்பதாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவன் கத்துவான் என்று நான் எதிர்பார்த்தேன். கத்த வேண்டும் என்று விரும்பினேன் என்பதுதான் சரி. எதிர்ப்பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது.

“அப்ப அம்மா நல்லாத்தான் இருக்காங்க.”

“ஆமா சார். சாரி.”

“பரவால்ல. நான் கேட்டதக் கேன்சல் பண்ணாதீங்க. அப்படியே வெச்சிருங்க. எப்பவாச்சும் தேவைப்படும்தானே.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் பட்டன் அமுக்க உங்ககிட்ட ஆளு இருக்கா?” என்றான்.

இருக்கிறது என்றார் அக்கா.

பேசி முடித்ததும் அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, குஞ்சம்மாவின் படத்தைத் தன் கையாலேயே பிய்த்தார். ஒரு மூலையில் பசை விடவில்லை. காதும் கொஞ்சம் முடியும் சுவரிலேயே ஒட்டிக்கொண்டன.

“தப்பான ஆள மாட்டிட்டோம், அகல்யா. சாகறவங்க வாங்க மாட்டாங்க. வர முடியாதவங்கதான் வாங்குவாங்க.”

தினேஸ்வரனின் படத்தை முகநூலிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். தோளில் இருந்த குழந்தையை வெட்டிவிட்டு அச்சிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து எழுதிய வரி உடனே வந்தது. ‘நீங்கள் வர வேண்டியதில்லை. நாங்கள் இருக்கிறோம்.’ ‘வர முடியாவிட்டாலும்’ என்று எழுதியிருந்தால் அவன் தன்னைக் குற்றம் சொல்வதாக நினைப்பான், வேண்டியதில்லை என்பதுதான் அவனுக்கு மருந்து என்று அக்கா பாராட்டினார். ஆயர் குரோ நெடுஞ்சாலை டோல் சாவடி அருகே பெரிய பலகை வைத்தோம், தெற்கே போகும் பக்கத்தில். ஊருக்கு வருகிறவர்கள் கண்ணில் அது படாது. விட்டுப் போகிறவர்கள் பார்ப்பார்கள். முகநூலில் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழ் ஆண்களுக்கு மட்டும் தெரியும்படி செய்தோம். கணேஸ்வரனுக்கு அழைப்பு ஓயவில்லை.

குஞ்சம்மா ஒரு நாள் பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்தார். தன் படம் எப்போது வரும் என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாராம்.

“ஆண்டி, இது உங்களுக்கான விளம்பரம் இல்ல” என்றார் அக்கா.

“அப்ப யாருக்கு?”

“உங்க மகனுக்கு.”

அவர் முகம் மலர்ந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “அவன் பாப்பானா?”

“தினமும் பாப்பாரு. உங்களுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணிட்டாரு, ஆண்டி. பெட்டி, பூ, எல்லாம்.”

“பட்டன்?”

“அதுவும்தான்.”

குஞ்சம்மா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுவரில் இருந்த மகனின் பெரிய படத்தை அப்போதுதான் பார்த்தார். கிட்டே போய்க் கன்னத்தைத் தொட்டார். படத்தின் ஓரத்தில் அவருடைய கிழிந்த காது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. பட்டனை மகனே அமுக்குவான் என்று அவர் எடுத்துக்கொண்டதை அக்கா திருத்தவில்லை. நாகமுத்து எழுந்து கீழே போய்விட்டான். அதற்குப் பிறகு குஞ்சம்மா போன ஒவ்வொரு சாவு வீட்டிலும், என் மவன் எனக்குப் பட்டன் அமுக்க ஒப்புக்கொண்டான் என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கணேஸ்வரன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் தொழிற்சாலைக் கழிவறையில் வழுக்கி விழுந்து இறந்தார். நான் கணினியில் பழைய அறிவித்தல் கோப்பைத் திறந்தேன். ‘மாதிரி’ ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. தேதியை மட்டும் மாற்றினேன். பெட்டிக்குள் இருந்த முகத்துக்கும் அறிவித்தலில் இருந்த வெளுத்த முகத்துக்கும் பொருத்தம் இல்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மகன்களுக்குப் பதிலாக நிற்பதற்குக் கணேஸ்வரன் வைத்திருந்த ஆள் அன்று குடித்துவிட்டு வரவில்லை. அக்கா நாகமுத்துவைப் பார்த்தார். அவனுடைய அப்பா முனியாண்டி உயிரோடு இருந்தார். தகப்பன் இருக்கும்போது மொட்டை போட்டுக் கொள்ளி வைக்கும் பிள்ளையை எங்கள் பக்கம் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். அது அக்காவுக்கும் தெரியும். “பட்டன்தானே லா” என்றார். நாகமுத்து போய் மொட்டை போடத் தலையைக் கொடுத்தான்.

திட்டத்தில் நேரலையும் உண்டு. கைப்பேசியை நான்தான் பிடித்திருந்தேன். தினேஸ்வரன் இணைந்திருந்தான். அவன் முகத்தைக் காட்டவில்லை. திரையில் அந்த வட்டத்துக்குள் இப்போது குழந்தையின் படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. நாகமுத்து பட்டனை அமுக்கினான். உள்ளே தீ பிடிக்கும் சத்தம் வந்தது. ‘நன்றி’ என்று ஒரு சொல் வந்தது. பிறகு தினேஸ்வரன் இணைப்பிலிருந்து போய்விட்டான்.

கணேஸ்வரன் இப்போது மூவார் நகரிலும் கிளை வைத்திருக்கிறார். நிர்மலாதேவி அக்கா கே.எல்.லுக்கே திரும்பிவிட்டார், கல்லூரிகளில் சரியான வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுகிறார், இந்த வேலையை உதாரணம் காட்டுகிறார். நாகமுத்துவை அவன் தாய் தீட்டுக் கழிக்கும்வரை வீட்டுக்குள் விடவில்லை. அவன் வேலையை விட்டுவிட்டு பத்து பெரண்டாம் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலைக்குப் போகிறான். முனியாண்டி நலமாக இருக்கிறார். தினேஸ்வரன் ஜொகூரில்தான் இருக்கிறான், மகள் பள்ளிக்குப் போகிறாள். குஞ்சம்மாவின் சாம்பலைக் கணேஸ்வரனின் ஆட்கள் கரைத்தார்கள். அவர் வீட்டில் வேறு குடும்பம் குடியிருக்கிறது. அலுவலகத்தை நான் நடத்துகிறேன். சுவருக்குச் சாயம் பூசிவிட்டேன்.